வெளித்தூள் ஏறாத வீடுகள்

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னை அழைத்து, முன்வரிசையில் ஒரு நல்ல கதிரையும் தந்தீர்கள். இரண்டு மணித்தியாலம் இருந்து பார்த்தேன். குறைந்த செலவில் ஒரு சின்ன வியாபாரத்தை எப்படி வளர்ப்பது என்று வட்டமும் அம்புக்குறியுமாகச் சுவரில் காட்டினீர்கள். பேஸ்புக்கில் கொஞ்சம் காசு கட்டி ஒரு பதிவைத் தள்ளிவிட்டால் அது எந்த ஊரில், எந்த வயதுக்காரரின் போனில் போய் விழும் என்பது வரைக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. எங்கள் காலத்தில் ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால், மன்னார் பஸ் நிலையத்தில் அது எந்தக் கழுதையின் வயிற்றுக்குள் போனது என்பதுகூடத் தெரியாது.

கடைசியில் ஒரு தம்பி எழும்பி, "மிஸ், உங்கட அனுபவத்தில இருந்து முக்கியமான அஞ்சு உத்தியைச் சொல்லுங்கோ" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஐந்து என்ன, ஒன்றுகூட உருப்படியாக வாயில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு கோபம் வந்தது, என்மேல்தான். இவ்வளவு காலம் இந்த வேலை பார்த்தவளுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையா? யோசித்துப் பார்த்தேன். இருக்கிறது. ஆனால் அது உத்தி இல்லை, நான் விட்ட ஒரு பிழை. அதைத்தான் இப்போது எழுதித் தருகிறேன்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் இருந்தபடி எதையாவது செய்து விற்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சின்னக் கந்தோரில் எனக்கு வேலை. செலவில்லாமல் விற்பனையைக் கூட்டுவது எப்படி என்பதுதான் என்னுடைய பிரிவு. செலவழிக்க அவர்களிடமும் காசு இல்லை, எங்கள் கந்தோரிடமும் இல்லை என்பதால் இந்தப் பிரிவுக்கு நல்ல மதிப்பு இருந்தது.

பிலோமினா தாழ்வுபாடு என்ற மீன்பிடிக் கிராமத்திலிருந்து வந்தவள். முப்பது வயது இருக்கும். புருசன் படகு எஞ்சினைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டு, அதன் பிறகு கடலுக்குப் போக முடியாமல் போனவர். நாலு வயதில் ஒரு மகள், டிலானி. பிலோமினா கறித்தூள் செய்து விற்றாள். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம் எல்லாவற்றையும் தன் வீட்டு வளவில் பெரிய தாச்சியில் வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து, ஒரு கிலோ, அரைக் கிலோவாகப் பொலித்தீன் பைகளில் கட்டுவாள். பையில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. வாயை முடிச்சுப் போட்டிருப்பாள், அவ்வளவுதான்.

முதல் நாளே விசயத்தை உடைத்துச் சொல்லிவிட்டாள். "மிஸ், ஏஜென்சிக்காரர் எனக்குப் பாஸ்போட் எடுத்துத் தந்திட்டார். குவைத்தில ஒரு வீட்டு வேலை. உயிர்த்த ஞாயிறு முடிஞ்சு வாற செவ்வாய்க்கிழமை மெடிக்கலுக்குக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போக வான் வரும். அதுக்குள்ள இந்தத் தூள் ஓடுமெண்டால் நான் நிப்பன். ஓடாட்டில் போறன்."

"பிள்ளையை ஆர் பாக்கிறது?" என்று கேட்டேன்.

"அவர் பாப்பார். ஆனால் மிஸ், நான் திரும்பி வரேக்கை இவள் என்னைப் பாத்து 'ஆர் நீங்கள்' எண்டு கேப்பாள்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். டிலானி அவளுடைய பாவாடையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி நின்றது. வீட்டில் சூட்கேஸை இறக்கி வைத்த நாளிலிருந்து பிள்ளை பாவாடையை விடுவதில்லை என்று பிலோமினா சொன்னாள்.

அவளுடைய தூளை விற்றுக் கொடுத்தவர் றமீஸ் நானா. எருக்கலம்பிட்டிக்காரர். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனங்களோடு ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, சண்டை முடிந்ததும் திரும்பி வந்தவர். காலையில் தாழ்வுபாட்டுக் கரையில் மீன் எடுத்து, வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் ஐஸோடு அடுக்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பெரிய பாலத்தைத் தாண்டிப் போவார். வங்காலைப் பக்கம், நறுவிலிக்குளம் என்று வயல் ஊர்களில் வாசல் வாசலாக ஹோர்ன் அடித்து விற்பார். பெட்டிக்குப் பின்னால் பிலோமினாவின் தூள் பைகள் பத்துப் பன்னிரண்டு கிடக்கும். பெரிய விற்பனை இல்லை. ஆனால் மிச்சம் வருவதும் இல்லை.

நான் தூளை நாக்கில் வைத்துப் பார்த்தேன். என் நாக்குக்கு அது அவ்வளவு நன்றாக இருந்தது. இதை யாரும் அறியாமல் இருப்பதுதான் குறை, அறிய வைத்துவிட்டால் போதும் என்று முடிவு கட்டிவிட்டேன். நாலு காரியம் செய்தேன். பிலோமினாவின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு மஞ்சள் நிறத்தில் ஒரு லேபிள் அடித்தேன். வளவு வாசலில் ஒரு பலகை எழுதி வைத்தேன். பூசை முடிவில் சுவாமியார் வாசிக்கும் அறிவித்தல்களில் இதையும் சேர்த்து வாசிக்க ஏற்பாடு செய்தேன். நாலாவதுதான் என்னுடைய பெருமை. பைக்குள்ளே ஒரு அட்டை. இந்தத் தூளை வாங்கக்கூடிய மூன்று அயலவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் அடுத்த பை இலவசம். ஒரு வாடிக்கையாளர் மூன்றாக, மூன்று ஒன்பதாக. உங்கள் சுவரில் பார்த்த அம்புக்குறி எல்லாம் அந்த அட்டையிலும் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லையே தவிர.

பிலோமினா அட்டையை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு "நல்ல வடிவா இருக்கு மிஸ்" என்றாள்.

தவக்காலம் தொடங்கி நாலாம் கிழமை. நான் பிலோமினாவின் வளவுக்குப் போனபோது றமீஸ் நானா மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தூள் பைகளை எடுத்துத் திண்ணையில் வரிசையாக அடுக்கினார். கொண்டுபோன பன்னிரண்டில் ஒன்பது திரும்பி வந்திருந்தது. போன கிழமையும் அப்படித்தானாம். அட்டை? ஒரு அட்டைகூடத் திரும்பி வரவில்லை.

பிலோமினா என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அலுமாரியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்து, தூசு தட்டி, மேசையில் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கந்தோரில் என் மேலதிகாரிக்கு உடனே விடை தெரிந்துவிட்டது. "விலையைக் குறைச்சுப் போட்டு, அதுக்கு ஒரு போஸ்டர் அடியுங்கோ. நாள் இல்லை." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நாள் உண்மையிலேயே இல்லை. ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. முந்தி இதே விலையில்தானே எல்லாப் பையும் போனது? தூளும் மாறவில்லை. பழைய பையையும் புதிய பையையும் பக்கத்தில் வைத்து ருசி பார்த்தேன், ஒரே ருசி. இடையில் மாறியது என்ன? தேடிப் பார்த்தால், நான் செய்த நாலு காரியம் தவிர வேறு ஒன்றும் மாறவில்லை. விலையைக் குறைத்தால், கேள்விக்கு விடை தெரியாமலே கேள்வியை மூடிவிடுவேன் என்று பயமாக இருந்தது. "ரெண்டு நாள் தாங்கோ சேர்" என்று கேட்டு வாங்கினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கொள்ளுங்கள். நெருக்கடி வரும்போது எதையாவது செய்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். செய்தால் மேலதிகாரிக்கும் திருப்தி, அறிக்கையிலும் ஒரு வரி கிடைக்கும். நான் அன்று கையைக் கட்டிக்கொண்டு இருந்ததற்குக் காரணம் புத்திசாலித்தனம் இல்லை. ஏன் விற்கவில்லை என்பதை அறியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை என் ஸ்கூட்டியில் றமீஸ் நானாவுக்குப் பின்னால் போனேன். பாலத்தில் காற்று அடித்து என்னை ஓரமாகத் தள்ளியது. முன்னால் மீன் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் போனது.

நறுவிலிக்குளத்தில் முதல் வாசலில் ஹோர்ன் அடித்தார். ஒரு அக்கா சட்டியோடு வந்தார். பக்கத்து வளவிலிருந்தும் ஒரு பெண் வந்தார். பக்கத்து வளவுப் பெண் பேரம் பேசி மீன் வாங்கிப் போகும்வரை, இந்த அக்கா தன் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் போனதும் கண்ணால் ஒரு சைகை காட்டினார். றமீஸ் நானா பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு தூள் பையை எடுத்துக் கொடுத்தார்.

அக்கா முகத்தைச் சுளித்தார். "இதில பேரெல்லாம் எழுதிக் கிடக்கே. முந்தின மொட்டைப் பை இல்லையோ?"

"இப்ப இதுதான் வருது அக்கா."

அவர் பையைச் சட்டிக்குள் மீனுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். மஞ்சள் லேபிள் மீன்களின் இடுக்கால் தெரிந்தது. வேலிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, பையை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். "வேண்டாம் நானா. இருக்கட்டும்."

எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போனேன். "அக்கா, தூள் சரியில்லையோ?"

"எந்தத் தூள்?"

"இப்ப வாங்கிப் போட்டுத் திருப்பிக் குடுத்தியளே, அது."

"நான் ஏன் பிள்ளை தூள் வாங்கிறன்? நாங்கள் வீட்டிலதான் வறுக்கிறனாங்கள்." சொல்லும்போது அவருடைய கண் இமைக்கவே இல்லை. இவ்வளவு நேர்த்தியான பொய்யை நான் எங்கள் கந்தோர் அறிக்கைகளில்கூடப் படித்ததில்லை.

அடுத்த நாலைந்து வாசலிலும் கிட்டத்தட்ட இதே கூத்துத்தான். ஒருவர் லேபிளை உரித்துத் தரச் சொன்னார். இன்னொருவர் பையைத் தொடாமலே கையை ஆட்டினார். நான் றமீஸ் நானாவை மரத்தடியில் மறித்துக் கேட்டேன். "நானா, உங்களுக்குக் காரணம் தெரியும். சொல்லுங்கோ."

அவர் தலையைச் சொறிந்தார். "மிஸ், இந்த வாசலெல்லாம் எனக்குச் சோறு போடுற வாசல். எந்த வீட்டில என்ன வாங்கினம் எண்டு அடுத்த வீட்டில நான் வாய் திறந்தன் எண்டால் நாளைக்கு ஒருத்தரும் மீனும் வாங்க மாட்டினம். என்னைக் கேக்காதையுங்கோ."

"சரி, நான் இஞ்ச மாமி வீட்டில சாப்பிட்டிட்டுப் போறன்" என்றேன். என் புருசனுடைய அம்மா நறுவிலிக்குளத்தில்தான் இருந்தார்.

றமீஸ் நானா மோட்டார் சைக்கிளை உதைத்தபடி, "நல்லது மிஸ். மாமியின்ர வீட்டுக்கு நான் மீன் மட்டுந்தான் குடுக்கிறனான்" என்றார். நான் கேட்காமலே அவர் ஏன் இதைச் சொன்னார் என்று அந்த நேரம் எனக்குப் படவில்லை.

மாமி சமையலில் கெட்டிக்காரி, அதைத் தானே சொல்லிக்கொள்ளவும் தயங்காதவர். அன்றைக்கு ஓரா மீன் குழம்பு. நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதும் மாமிக்குப் பூரிப்பு. "எங்கட வீட்டில ஒருநாளும் வெளித்தூள் ஏறாது, பிள்ளை. இப்பத்தைப் பெட்டையளுக்கு வறுக்கப் பஞ்சி. உம்மட அம்மா இன்னும் வறுத்துத் தாறாவோ?"

"ஓம் மாமி, வறுத்துத் தாறா" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. என் அம்மா தாச்சியைத் தொட்டு ஆறு வருடம் இருக்கும். கண் தெரியாது, புகை ஒத்துக்கொள்ளாது. நான் வேலைக்குப் போகிறவள். ஆஸ்பத்திரி வீதியில் ஒரு பெண்ணிடம் மாதா மாதம் தூள் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் பழைய பால்மா டின்னில் கொட்டி, பையைக் குப்பைக்குள் அடியில் புதைப்பேன். புருசனுக்கே சொன்னதில்லை. அந்தப் பெண்ணின் பெயரை மூன்று அயலவர்களுக்கு எழுதிக் கொடு, ஒரு பை இலவசம் என்று யாராவது என்னிடம் அட்டை நீட்டியிருந்தால்? நான் அந்தப் பக்கமே போவதை நிறுத்தியிருப்பேன்.

கையில் சோற்றோடு அப்படியே இருந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் தூள் என்பது வீட்டின் மானம். கலியாணம் பேசி வருகிறவர்கள்கூடக் கறியை வாயில் வைத்துவிட்டு "ஆர் வறுத்தது" என்றுதான் கேட்பார்கள். வாங்குகிறவர்கள் நிறையப் பேர். வாங்குகிறோம் என்று ஒப்புக்கொள்கிறவர் ஒருவரும் இல்லை. மொட்டைப் பையில் ஒளிந்து போய்க்கொண்டிருந்த பொருளுக்கு நான் மஞ்சள் லேபிள் ஒட்டி, கோவிலிலும் வாசித்து, வாங்குகிறவர்களின் பெயர்ப் பட்டியலையும் கேட்டிருக்கிறேன். "என்ன பிள்ளை, முள்ளோ?" என்று மாமி கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

நேரே தாழ்வுபாட்டுக்குப் போனேன். பிலோமினாவை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன், என்னுடைய பால்மா டின் உட்பட. அவள் வியக்கவே இல்லை.

"எனக்குத் தெரியும் மிஸ்."

"என்ன தெரியும்?"

"ஒளிச்சுத்தான் வாங்குகினம் எண்டு. தாழ்வுபாட்டிலயே என்னட்டை வேலியால வாங்கிறவை இருக்கினம். பலகை வைச்ச பிறகு அவையளும் வாறேல்லை."

எனக்கு ஆத்திரம் வந்தது. "எட, அப்ப அண்டைக்கே நீர் சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள் கேக்கேல்லையே மிஸ். படிச்சனீங்கள், இதையெல்லாம் தாண்டி ஏதோ பெரிசா யோசிச்சிருப்பியள் எண்டு நினைச்சன்."

தம்பி, தங்கச்சிமாரே, இந்த வேலையில் என்னை இவ்வளவு அடித்த ஒரு வசனம் வேறு இல்லை. மாதக்கணக்காகத் தேடவேண்டிய விடை என் முன்னால் கதிரையில் இருந்திருக்கிறது. நான் அட்டையை நீட்டிவிட்டு "நல்ல வடிவா இருக்கு" என்ற பேச்சை வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

பழைய மொட்டைப் பைக்குத் திரும்பலாம். ஆனால் அது பன்னிரண்டு பையில் நின்றுவிடும். பன்னிரண்டு பையை நம்பி அவள் வானைத் திருப்பி அனுப்ப முடியாது. நான் சும்மா கேட்டேன், விடை எதிர்பார்த்து இல்லை, அறியும் ஆசையில். "ஏன் பிலோமினா, வறுத்த தூளை வாங்க வெட்கப்படுகிற ஆக்கள், அரைக்க மில்லுக்குக் குடுக்க மட்டும் வெட்கப்படுறேல்லையே, ஏன்?"

"மில்லுக்குக் குடுக்கிறதில என்ன வெட்கம்? முந்தி உரலில இடிச்சவை, இப்ப மில்லில அரைக்கினம். மிளகாயும் மல்லியும் அவையின்ரதுதானே. அளவும் அவையின்ர அளவு." சொல்லிக்கொண்டு வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "மிஸ், மிளகாயும் அவையின்ரது, அளவும் அவையின்ரது எண்டால், வறுக்கிற நெருப்பு ஆரின்ரதாய் இருந்தால் என்ன?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவளுக்கே தான் சொன்னது பிறகுதான் விளங்கியது. தூள் விற்பதை விட்டுவிடுவது. அந்தந்த வீட்டுக்காரர் தங்கள் மிளகாயையும் சரக்கையும் தங்கள் டின்னிலேயே போட்டு, தங்கள் வீட்டு அளவை ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார்கள். றமீஸ் நானா கொண்டுவருவார். பிலோமினா வறுத்து, அரைப்பித்து, அதே டின்னில் திருப்பி அனுப்புவாள். வழியில் யாராவது கேட்டால் மில்லுக்குப் போகிறது என்று சொல்லலாம். மில்லுக்குத்தான் போகிறது, நடுவில் ஒரு வளவில் கொஞ்சம் தங்கிப் போகிறது. கூலி கொடுத்தால் போதும்.

பிலோமினாவின் புருசன் முதுகைப் பிடித்துக்கொண்டே போய்ப் பலகையைக் கழற்றினார். நல்ல பலகை, எறிய மனமில்லாமல் எழுத்துப் பக்கத்தைக் கீழே கவிழ்த்து மிளகாய் காயப் போட்டார். றமீஸ் நானாவிடம் விசயத்தைச் சொன்னோம். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான். "ஒரு வீட்டின்ர அளவை மற்ற வீட்டுக்குச் சொல்லக் கூடாது. அப்பிடியெண்டால் நான் வாறன்." பிலோமினா பாஸ்போட்டை வைத்திருந்த தோல் உறையைக் காட்டி, "துண்டெல்லாம் இதுக்குள்ள போட்டு அலுமாரியில பூட்டித்தான் வைப்பன், நானா" என்றாள். வீட்டில் பூட்டி வைக்கிற சாமான் என்று அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

மேலதிகாரி சந்தோசப்படவில்லை. "லேபிள் இல்லை, பெயர் இல்லை, விளம்பரம் இல்லை. இதை நான் என்னெண்டு அறிக்கையில எழுதிறது?" என்றார். மிச்ச லேபிள்களை என் மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன்.

றமீஸ் நானா வாசல்களில் காதோடு காதாகச் சொல்லியும் முதல் கிழமை இரண்டே டின் வந்தன. குருத்தோலை ஞாயிறு பூசையில் ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்றும் நான் டின்களைத்தான் நினைத்தேன். ஏஜென்சிக்காரர் போன் எடுத்து, வான் நிச்சயம் என்று சொல்லிவிட்டார். பிறகு பரிசுத்த வாரம் பிறந்தது. உயிர்த்த ஞாயிறுச் சமையலுக்கு எல்லா வீட்டிலும் தூள் வேண்டும். திங்கட்கிழமை ஏழு டின். புதன்கிழமை றமீஸ் நானாவின் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் டின்கள் தொங்கி, மீன்பெட்டியோடு இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தன. பிலோமினாவின் வளவில் எழும்பிய மிளகாய்க் கமறலில் வீதியால் போனவர்கள் எல்லாம் தும்மினார்கள். துண்டுகளை வாசித்து வாசித்து எனக்கு அதிசயமாக இருந்தது. ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒருவருக்கு மல்லி கூட, ஒருவர் வெந்தயமே போடுவதில்லை, இன்னொருவர் கறிவேப்பிலையைக் கருக வறுக்கச் சொல்கிறார். எல்லோருக்கும் ஒரே தூளை விற்கப் பார்த்த என் மஞ்சள் லேபிளை நினைத்துக்கொண்டேன்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை பின்னேரம் அவளிடம் போனேன். டின் எல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று. வளவு வெறுமையாக இருந்தது. சூட்கேஸ் வாசலுக்குக் கிட்ட வந்திருந்தது.

"மிஸ், நீங்கள் சொல்லுங்கோ. போகவோ, நிக்கவோ?"

உற்சாகமாக ஒரு பொய் சொல்வது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத் தெரிந்தது. நில், எல்லாம் சரிவரும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெருநாளுக்கு வந்த கூட்டம் அது. பெருநாள் முடிந்தும் திரும்பி வருவார்களா என்பதுதான் கேள்வி. ஒரு டின் தூள் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதம் போகும். அதற்குள் யாரும் திரும்பி வர நியாயம் இல்லை. "எனக்குத் தெரியாது, பிலோமினா" என்றேன். "திரும்பி வருவினமோ எண்டு எனக்கு உண்மையாத் தெரியாது." அவள் தலையாட்டினாள். நான் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை கந்தோருக்குப் போக மனம் வரவில்லை. அவளை வழியனுப்பவாவது நிற்போம் என்று தாழ்வுபாட்டுக்குப் போனேன். பிலோமினா நல்ல சேலை உடுத்து வாசலில் இருந்தாள். டிலானி மடியில் ஏறி, சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தது.

வானுக்கு முதல் மோட்டார் சைக்கிள் வந்தது. அன்றைக்கு றமீஸ் நானா கரைக்குப் போகுமுன்பே நேரே வளவுக்குள் விட்டார். கையில் ஒரே ஒரு டின். "ராத்திரி போன் பண்ணினவ. விடியவே போய் எடுத்துக்கொண்டு வந்தனான்" என்றார்.

பிலோமினா மூடியைத் திறந்தாள். நிறைய மிளகாயும் சரக்கும். மேலே ஒரு துண்டு. சத்தமாக வாசித்தாள். "போனமுறை மாதிரியே வறுக்கவும். மிளகு மட்டும் ஒரு பிடி கூட. எல்லாவற்றையும் கனடாவில் மகளுக்கு அனுப்பிவிட்டேன், வீட்டுக்கு இல்லை."

திரும்பி வந்த முதல் டின் அது. நான் பிலோமினாவைப் பார்க்கவில்லை, டின்னைத்தான் பார்த்தேன். நீல நிற பிஸ்கட் டின். மூலையில் நெளிந்திருந்தது. அந்த நெளிவு எனக்குத் தெரியும். என் புருசன் சின்ன வயதில் அதைக் கிணற்றடியில் போட்டு நெளித்த கதையை மாமி எத்தனை தரம் சொல்லியிருக்கிறார். கனடாவில் இருப்பது மாமியின் மகள், என் மச்சாள். நான் றமீஸ் நானாவைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"மழை வரும்போல கிடக்கு மிஸ்" என்றார். ஒரு முகில்கூட இல்லை.

பிலோமினா துண்டை மடித்து டின் மூடிக்குள் வைத்தாள். பிள்ளையை இறக்கிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகி, பலகையில் மிளகாயைக் கொட்டிக் காம்பு கிள்ளத் தொடங்கினாள். புருசன் அடுப்பை மூட்டினார். அந்த நேரம்தான் வான் வந்து வாசலில் ஹோர்ன் அடித்தது. ஏஜென்சிக்காரர் தலையை நீட்டி, "பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு கெதியா வாங்கோ தங்கச்சி" என்று கூப்பிட்டார்.

பிலோமினா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "மிளகாய்க் கை, அண்ணை. பாஸ்போட்டைத் தொடேலாது. நீங்கள் போங்கோ."

அவர் இன்னும் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். தாச்சியில் மிளகாய் விழுந்து கமறல் எழும்பியது. டிலானி தும்மியது, பிறகும் தும்மியது. "இதுக்குள்ள நிண்டு தும்மாமல் வெளியில போய் விளையாடு" என்று பிலோமினா அதட்டினாள். பிள்ளை அவளை ஒருதரம் பார்த்தது. பிறகு சேலையை விட்டுவிட்டு ஓடிப்போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிக்கொண்டேன், அங்கே எல்லோருக்கும் கண்ணீர் வந்ததால் யாரும் கேட்கவில்லை.

பிறகு நடந்ததை உங்கள் வகுப்பில் கேட்டால் அட்டவணையாகக் காட்டச் சொல்வீர்கள், என்னிடம் அட்டவணை இல்லை. ஒருவரும் மற்றவருக்குச் சொல்லாமலே அது வளர்ந்தது. கொழும்பில், கனடாவில், பிரான்ஸில் இருக்கிற மகள்மார் "அம்மாட தூள்" வேண்டும் என்று போனில் கேட்டார்கள், அம்மாமார் டின்னைக் கொடுத்துவிட்டார்கள். பாஸ்போட் உறை போதாமல் பிலோமினா ஒரு பெரிய கொப்பி வாங்கினாள். தன் வீட்டு அளவு அந்தக் கொப்பிக்குள் போன பிறகு வேறு இடம் தேடிப் போனவர்கள் குறைவு. பாஸ்போட் அலுமாரியிலேயே கிடந்து காலாவதியானது. பலகையை அவர்கள் பிறகும் வைத்திருந்தார்கள், எழுத்து கீழே, மிளகாய் மேலே.

நீங்கள் அட்டை அடியுங்கள், பதிவு போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு முதல், நீங்கள் கடைசியாக எதை ஒளித்து வாங்கினீர்கள் என்று ஒருதரம் யோசியுங்கள். பிறகு முன்னால் இருக்கிற ஆளிடம் கேளுங்கள். அவர் "நல்ல வடிவா இருக்கு" என்று சொன்னால் எழும்பிப் போகாதீர்கள், இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள்.

வான் திரும்பிப் போனதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டில் சாப்பாடு. நீல டின் அலுமாரிக்கு மேல் தன் இடத்தில் இருந்தது. குழம்பில் மிளகு ஒரு பிடி கூட. மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, எப்பிடி? எங்கட வீட்டில ஒருநாளும் வெளித்தூள் ஏறாது."

மிளகாய் மாமியுடையது. மல்லி மாமியுடையது. அளவு மாமியின் அம்மா காலத்து அளவு.

"ஓம் மாமி" என்றேன். இந்த முறை இரண்டு பேரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை.